நன்றியோடு சமைப்போம், எல்லாரும் நிறைவாக உண்போம்

சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் தோட்டங்களில் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, "என்னாத்த சமைக்கிறது, எல்லாம் வெலையா இருக்கே" என்பது. மற்றது, "நேரம் எங்க இருக்கு, பெரட்டுக்குப் போகணுமே" என்பது. இரண்டுமே உண்மைதான். வீட்டு வேலையையும் மலை வேலையையும் சேர்த்துச் சுமக்கும் தாய்மாருக்கு வகை வகையாகச் சமைக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. அதை அறிந்துகொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

ஆனாலும் நாம் யோசிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 32 பேர். அதாவது நம் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர். பிள்ளை உயரம் குறைவது பரம்பரை என்று சிலர் சொல்வார்கள். பரம்பரையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தாயின் வயிற்றில் இருக்கும்போதும், பிறந்த முதல் இரண்டு வருடங்களிலும் கிடைக்காமல் போன சத்துதான் இதில் பெரிய காரணம்.

கீரை தின்றால் வறுமை தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. நியாயமான சம்பளமும் நல்ல தண்ணீரும் நல்ல வீடும் வேண்டியவைதான். அவற்றைக் கேட்டுக்கொண்டே, இன்றைக்கு நம் கைக்கு எட்டுவதை வைத்து இன்றைய சோற்றை நல்ல சோறாக்க வழி உண்டா என்பதுதான் இங்கே கேள்வி.

நம் மண்ணில் விளைவது என்ன?

தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் கேழ்வரகும் கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவர்கள். கோதுமை மா பிற்காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது. கோதுமை இலங்கையில் விளைவதில்லை, கப்பலில்தான் வர வேண்டும். ஆகையால் கப்பல் தடுமாறினால் நம் அடுப்பும் தடுமாறுகிறது. 1973, 74ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் பட்டினியால் பலர் மாண்டார்கள். அந்தக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் தின்று உயிர் பிழைத்த கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் மா விலை பல மடங்கு ஏறியதை நாமே அனுபவித்தோம். அப்போதும் கைகொடுத்தது வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா மரமும் கீரைப் பாத்தியும்தான்.

எந்த இடத்தில் எது விளையும் என்பது மலையின் உயரத்தைப் பொறுத்தது. நுவரெலியா, தலவாக்கலை, டயகம பக்கம் குளிர் அதிகம். அங்கே கோவா, லீக்ஸ், கரட், பீட்ரூட், நோக்கோல், உருளைக்கிழங்கு நன்றாக வரும். இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறை போன்ற தாழ்ந்த பகுதிகளில் பலா, ஈரப்பலா, முருங்கை, வாழை, பப்பாசி, மரவள்ளி செழிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கண்டி, மாத்தளை, பசறைப் பகுதிகளில் இரண்டு வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் பயிரிடலாம். வல்லாரை, பொன்னாங்காணி, பூசணிக் கொழுந்து ஆகியவை நம்மில் பலருக்கும் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கும்.

பலாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கள மக்கள் அதைச் சோற்று மரம் என்றே சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலா நடச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தினார். அதனால் மக்கள் அவரை அன்போடு "கொஸ் மாமா", அதாவது பலா மாமா, என்று அழைத்தார்கள். அவர் போன பிறகும் அந்த மரங்கள் ஊருக்குச் சோறு போட்டன. பிஞ்சு பொலொஸ் கறிக்கு, முற்றிய காய் அவித்துச் சாப்பிட, கொட்டை குழம்புக்கு, பழம் பிள்ளைகளுக்கு என்று வீணாகப் போவது அதில் கொஞ்சம்தான்.

"எங்களுக்கு இடம் எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். லயத்து வாசலில் நாலடி இடம் இருந்தாலும் போதும். அரிசிச் சாக்கு ஒன்றில் மண்ணும் மக்கிய எருவும் இலை தழையும் நிரப்பி, அதில் பொன்னாங்காணித் தண்டுகளை ஊன்றி, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வந்தால் சில வாரங்களில் கிள்ளி எடுக்கலாம். நாலு சாக்கு இருந்தால் முறை வைத்துப் பறிக்கலாம். உரம் வந்த சாக்கானால் பல தடவை நன்றாக அலசிக் காய வைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

கீரை பறிக்கும்போது கவனம்

காசில்லாமல் கிடைப்பது கீரை. அதனாலேயே சிலர் அதை மட்டமாக நினைக்கிறார்கள். "விருந்தாளி வந்தா கீரையா வைக்கிறது?" என்கிறார்கள். பிள்ளையின் கண்ணுக்கும் தாயின் இரத்தத்துக்கும் வேண்டிய சத்து அந்தக் கீரையில்தான் இருக்கிறது. இதில் நாம் கடைப்பிடிக்க வேண்டியவை சில.

முதலாவது, மருந்து அடித்த மலையில் கீரை பறிக்கக் கூடாது. களைநாசினியோ பூச்சி மருந்தோ எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் அந்தப் பக்கம் பறிக்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, கக்கூசுத் தண்ணீர் கசிந்து ஓடும் கானில் வளர்ந்த வல்லாரையை எடுக்க வேண்டாம். வல்லாரையை நாம் பச்சையாகச் சம்பல் போடுகிறோம். பூச்சி முட்டைகள் அதன் வழியாகப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும். வயிற்றுப் பூச்சி இருந்தால் எவ்வளவு தின்றாலும் பிள்ளைக்கு ஒட்டாது. சுத்தமான இடத்தில் வளர்ந்ததை எடுத்து, ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையாகக் கழுவுங்கள்.

மூன்றாவது, கழுவிய பிறகு வெட்டுங்கள். வெட்டிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். கொஞ்சத் தண்ணீரில், மூடி போட்டு, சீக்கிரம் இறக்குங்கள். கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ சேருங்கள். கீரையில் இருக்கும் விட்டமின் ஏ உடம்பில் சேர்வதற்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பூ அதைத் தருகிறது. நம் பாட்டிமார் சும்மா ஒன்றும் கீரைச் சுண்டலில் தேங்காய் போடவில்லை.

நான்காவது, பீட்ரூட் இலை, ராபு இலை, நோக்கோல் இலை ஆகியவற்றை வீசிவிடாதீர்கள். கிழங்கைவிட இலையில் இரும்புச் சத்து அதிகம்.

மரவள்ளிக்கு மட்டும் முறை வேறு. அதில் இயற்கையாகவே நஞ்சு உண்டு. தோலை நன்றாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பிடுங்கிய கிழங்கை நாள் கணக்கில் வைக்காமல் உடனே சமைத்துவிடுவது நல்லது.

ரொட்டியை விட வேண்டாம், துணை சேர்ப்போம்

காலையில் ரொட்டி சுடுவதை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மலைக்குக் கொண்டுபோக வசதியானது அது. ரொட்டியும் கட்டச் சம்பலும் மட்டுமே மூன்று வேளையும் என்றால்தான் குறை. வயிறு நிறையும், உடம்பு நிறையாது. அந்த ரொட்டியையே கொஞ்சம் மாற்றிச் சுடலாம்.

ஐந்து பேருள்ள வீட்டுக்குக் கோதுமை மா இரண்டு கோப்பை, குரக்கன் மா ஒரு கோப்பை, தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, பொடியாக அரிந்த கீரை ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு தேவைக்கு. எல்லாவற்றையும் கலந்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு தட்டி, ரொட்டிக் கல்லில் இரண்டு பக்கமும் வேகும்படி நிதானமான நெருப்பில் சுடுங்கள். குரக்கன் என்பது வேறொன்றும் இல்லை, நம் முன்னோரின் கேழ்வரகுதான். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. அதே அளவு அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம்தான்.

இதோடு அவித்த கௌபியோ பயறோ சேர்ந்தால் இன்னும் நல்லது. இவை நம் நாட்டிலேயே வரண்ட பகுதிகளில் விளைபவை. மாவும் பருப்பு வகையும் ஒன்று சேரும்போது, ஒன்றில் குறைவானதை மற்றது ஈடு செய்து, உடம்பு வளரத் தேவையான புரதம் கிடைக்கிறது. ஒரு சுண்டு கௌபியை இராத்திரியே ஊறப் போட்டுவிட்டால் காலையில் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். வாரத்தில் இரண்டொரு நாள் நெத்தலியும் ஒரு முட்டையும் பிள்ளைக்குக் கிடைத்தால் நல்லது. நெத்தலியை எலும்போடு சாப்பிடுவதால் கல்சியமும் கூடவே கிடைக்கிறது.

தேத்தண்ணியும் சாப்பாடும்

இது நமக்குச் சொல்லச் சங்கடமான விடயம். நம் கையால் பறித்த கொழுந்துதான். என்றாலும் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது நல்லதல்ல. தேயிலையின் சாயத்தில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது உடம்பில் சேராமலே வெளியே போகிறது. ஆகவே சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. கல்சிய மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் குடிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, புளிப்பான பழங்கள் இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்க உதவுகின்றன. கீரைச் சுண்டலை இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழியுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யாவோ நெல்லியோ தக்காளியோ சேருங்கள். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவு விட்டமின் சி உண்டு. காசு கொடுத்து வாங்கும் தோடம்பழத்தில் இருப்பது சுமார் 50தான். லயத்துக்குப் பின்னால் சும்மா உதிர்ந்து கிடக்கும் கொய்யாவை மிதித்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

நன்றி சொல்லும் வழக்கங்கள்

நம் தோட்டங்களில் எந்த வேலையும் சாமி கும்பிடாமல் தொடங்கியதில்லை. கவ்வாத்துத் தொடங்கும்போது கும்பிடுகிறோம். பெக்டரியில் ரோதமுனிக்குப் பூசை போடுகிறோம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். தைப்பொங்கலன்று முதல் பொங்கலைச் சூரியனுக்குப் படைத்த பிறகே வாயில் வைக்கிறோம். கிறிஸ்தவ வீடுகளில் செபம் சொல்லிவிட்டு உண்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கி, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிக்கிறார்கள். பௌத்த வீடுகளில் முதலில் புத்தருக்குப் படைக்கிறார்கள். வழி வேறு வேறு என்றாலும் கருத்து ஒன்றுதான். இந்தச் சோறு நம்மால் மட்டும் வந்ததில்லை. மண்ணும் மழையும் வெயிலும், முகம் தெரியாத விவசாயியும், லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தவரும் சேர்ந்துதான் அது நம் தட்டுக்கு வந்தது.

பசியைத் தீர்ப்பதே பெரிய வழிபாடு என்று காட்டியவர் வள்ளலார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி வடலூரில் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்று வரை அணையாமல் எரிந்து, வருவோருக்குச் சோறு போட்டு வருகிறது. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் அதே 1867இல்தான். நம் வீட்டு அடுப்பு சின்னதுதான். ஆனால் பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுவதில் அந்த அடுப்புக்கும் நம் அடுப்புக்கும் வித்தியாசம் இல்லை.

ஆகவே சமைக்கும் இடத்துக்கு மரியாதை கொடுப்போம். அடுப்படியைக் கூட்டிப் பெருக்கி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பீலித் தண்ணியை நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே குடிக்கப் பயன்படுத்துவோம். ஈரக் கவ்வாத்து மிலாறு கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். காய வைத்து எரிப்போம். சமைக்கும்போது சண்டை வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் பிள்ளையைத் திட்டவோ கணக்குப் பார்க்கவோ வேண்டாம். அந்த அரை மணி நேரம் டீவியும் போனும் ஓரமாக இருக்கட்டும். முன்பு நம் வீடுகளில் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தது. அந்தப் பிடி அரிசி சுகமில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கு உதவும், கோயில் அன்னதானத்துக்கும் போகும். அந்தப் பழக்கத்தை விடாமல் இருப்போம்.

சமைத்தவரின் தட்டு

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறோம். சாமிக்குப் படைக்கிறோம், காக்கைக்கும் வைக்கிறோம். ஆனால் அந்தச் சோற்றைச் சமைத்தவருக்கு என்ன வைக்கிறோம்?

நம் வீடுகளில் பலவற்றில் தாய்தான் கடைசியாகச் சாப்பிடுகிறார். முதலில் வீட்டுக்காரர், பிறகு பிள்ளைகள், மாமனார் மாமியார். எல்லாருக்கும் போட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதுதான் அவருக்கு. முட்டையும் நெத்தலியும் அதற்குள் முடிந்திருக்கும். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்புடுங்க" என்பார். மறுநாள் அதே உடம்போடு மலை ஏறி, கூடையைச் சுமந்து, கொழுந்து எடுப்பார். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, பாலூட்டல் ஆகியவற்றால் பெண்ணுக்கு ஆணைவிட இரும்புச் சத்து அதிகம் வேண்டும். ஆனால் நம் பழக்கப்படி மிகக் குறைவாகக் கிடைப்பது அவருக்குத்தான். களைப்பு, மூச்சு வாங்குதல், தலைச்சுற்றல், கண் இமையின் உட்பக்கம் வெளிறிப்போதல் ஆகியவை இரத்தச் சோகையின் அறிகுறிகள். தாய்க்கு இரத்தம் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கலாம். நாம் தொடக்கத்தில் சொன்ன 32 பிள்ளைகளில் பலரின் கதை அந்தக் காலிச் சட்டியில்தான் தொடங்குகிறது.

இதைத் தியாகம் என்று புகழ்ந்து பேசுவது எளிது. அப்படிப் புகழ்வதால் அவருடைய தட்டு நிறையாது. நன்றி என்பது அவர் தட்டிலும் சோறும் கறியும் இருப்பதுதான். அதற்கு வழிகள் உண்டு.

பரிமாறுவதற்கு முன்பே எல்லாருடைய தட்டிலும் பங்கு வைத்துவிடுங்கள். அதில் தாயின் தட்டும் இருக்க வேண்டும். ஒருவேளையாவது, முக்கியமாக அந்தியில், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒன்றாகச் சாப்பிட்டால் யார் தட்டில் என்ன இருக்கிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். தாய்க்கும் சின்னப் பிள்ளைக்கும் என்று கிளினிக்கில் தரும் திரிபோஷா அவர்களுக்கு மட்டுமே. வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுத் தின்பதற்கு அல்ல.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழா அன்னதானத்தில் பெரிய அண்டா வைத்து ஊருக்கே சமைப்பவர்கள் பெரும்பாலும் நம் ஆண்கள்தானே? கோயிலில் பிடிக்கும் அகப்பையை வீட்டில் பிடித்தால் கௌரவம் ஒன்றும் குறையாது. தேங்காய் துருவலாம், தண்ணி எடுத்து வரலாம், வேலையில்லாத நாளில் ஒருவேளை சமைக்கலாம். சாராயத்துக்குப் போகும் காசில் ஒரு பகுதி முட்டையாகவும் பயறாகவும் வீட்டுக்கு வந்தால், அதைவிடப் பெரிய படையல் வேறில்லை.

அடுத்த சம்பளத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தொடங்குவோம். ஒரு சாக்கில் கீரை ஊன்றுவோம். சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் ஒரு மணி நேரம் பிரித்து வைப்போம். இன்று அந்தியிலேயே, சமைத்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் தட்டைப் பார்த்துவிட்டு, பிறகு நம் தட்டில் கை வைப்போம். களைப்பும் தலைச்சுற்றலும் இருப்பவர்கள் தயங்காமல் உங்கள் தோட்ட வைத்திய உதவியாளரையோ குடும்பநல மருத்துவ மாதுவையோ போய்ப் பாருங்கள்.